கழற்ற முடியாததைச் செய்யாதீர்கள்: வீட்டு மின்சாதன வடிவமைப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

வீட்டு மின்சாதனங்களைப் பழுது பார்த்துப் பிழைப்பவர்களின் சங்கம் எங்களுடையது. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் எல்லாம் எங்கள் மேசைக்கு வந்து போகின்றன. சுழற்சிப் பொருளாதாரம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பொருளைச் செய்பவர்களைக் கூப்பிடுகிறார்கள், அதை உடைத்து உருக்குபவர்களையும் கூப்பிடுகிறார்கள். நடுவில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதை ஓட வைப்பவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறோம்: கழற்றிப் பழுது பார்த்து மாட்ட முடியாத வீட்டுச் சாதனத்தை விற்க அனுமதிக்கக் கூடாது. மறுசுழற்சி என்பது வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டியது. அதை முதல் வேலையாக வைத்துச் சட்டம் எழுதுவது தவறு.

பழைய சீலிங் ஃபேன் ஒன்று கரகரவென்று சத்தம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றினால் பெரும்பாலும் உள்ளே 6202, 6201 என்று எண் பொறித்த இரண்டு பேரிங்குகள் இருக்கும். 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ., அகலம் 11 மி.மீ. எந்தக் கம்பெனி ஃபேனானாலும், பேரிங் எந்த நாட்டில் செய்ததானாலும் அளவு மாறாது. ஃபேன் மந்தமாகச் சுற்றினால் 2.5 எம்.எஃப்.டி. கண்டென்சர் ஒன்று மாற்றினால் போதும். காயில் எரிந்திருந்தால் புதிதாகக் கட்டுவோம். எரிந்த செம்பை எடை போட்டுக் கூலியில் கழித்துக்கொள்வது வழக்கம். அந்தச் செம்பு வியாபாரி கை மாறி உருக்குமிடம் போய் மறுபடி உலோகமாகிறது. இதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

இப்போது வருவது பி.எல்.டி.சி. ஃபேன். இதை நாங்கள் எதிர்க்கவில்லை. சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 70, 80 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் சுமாரில் முடித்துக்கொள்கிறது. சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு கட்டாயமானதும் நல்ல முடிவுதான். ஆனால் அந்த நட்சத்திரம் மின்சாரத்தை மட்டுமே எண்ணுகிறது. இந்த வகை ஃபேனில் எங்களிடம் வருவதில் மோட்டார் போனது குறைவு, போர்டு போனதே அதிகம். மூடியைத் திறந்தால் சில மாடல்களில் போர்டின் மேல் தார் மாதிரி ஒரு கறுப்புக் கலவையை ஊற்றி இறுக வைத்திருப்பார்கள். ஈரமும் அதிர்வும் போர்டைத் தாக்காமல் இருக்கத்தான் அது. காரணம் நியாயமானது. ஆனால் உள்ளே சில ரூபாய் பெறுமான ஒரு உறுப்பு போயிருந்தாலும் அதைத் தொட முடியாது. சுரண்டப் போனால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து பெயர்ந்து வரும். சரி, போர்டையே மாற்றிவிடலாம் என்று போனால், பல மாடல்களுக்கு அது வெளியில் கிடைப்பதில்லை. செம்பு, காந்தம், அலுமினிய உடல், இறக்கைகள் எல்லாம் புத்தம் புதிதாக இருக்க, வாரண்டி முடிந்த ஃபேன் காயலான் கடைக்குப் போகிறது.

கலவையை ஊற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்டை நாலு ஸ்குரூவிலும் ஒரு கனெக்டரிலும் கழற்றி மாட்டும்படி வைத்து, அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் 10 ஆண்டுகளுக்கு நியாயமான விலையில் யாருக்கும் கிடைக்கும்படி செய்யட்டும். இது ஆகாத காரியம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் வாஷிங் மெஷினின் முக்கிய உதிரிகள் 10 ஆண்டுகளுக்கும் ஃபிரிட்ஜின் உதிரிகள் 7 ஆண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும் கம்பெனிகளில் சில இங்கேயும் கடை விரித்திருக்கின்றன.

மிக்ஸி கப்ளர் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாடிக்கும் மோட்டாருக்கும் இடையில் கையளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு. சுமை கூடினால் தான் தேய்ந்து மோட்டாரைக் காப்பாற்றுகிற தியாகி அது. அதற்கு இன்றுவரை பொது அளவு இல்லை. கம்பெனிக்கு ஒரு பல், மாடலுக்கு ஒரு மரை. பேரிங்குக்கு உலகமே ஒத்துக்கொண்ட அளவு இருக்கும்போது கப்ளருக்கும் ஜாடி பிளேடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இரண்டு மூன்று அளவுகளை வகுப்பது பெரிய வேலையா?

மின்கழிவு விதிகள் விஷயத்தில்தான் எங்களுக்கு அதிக மனத்தாங்கல். 2022-இல் வெளியாகி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகள், பட்டியலை 21 பொருள்களிலிருந்து 106 ஆக்கின. உற்பத்தியாளருக்கு மறுசுழற்சி இலக்கும் உண்டு: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, 2027-28 முதல் 80. இலக்கு வைத்ததில் குறை இல்லை. ஆனால் கணக்கு ஏறுவது உடைத்த பொருளின் எடையில். விதியில் புதுப்பிப்போருக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அது இணையதளத்தில் பதிவு செய்து சான்றிதழ் வாங்கும் நிறுவனத்துக்கான இடம். பத்துக்குப் பத்து கடையில் ஒரு நாளில் எட்டு மிக்ஸியைப் பிழைக்க வைக்கும் ஆள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. உலகம் 2022-இல் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற கதை இது. உள்ளூர்ப் பழுதுக் கடைகளும் எளிதாகப் பதியும்படி விதியைத் திருத்த வேண்டும்; பழுது நீக்கி ஆயுள் கூட்டிய பொருளுக்கு, உடைத்த பொருளைவிட அதிக மதிப்பு தர வேண்டும்.

பிரான்சில் 2021 முதல் சில வகைச் சாதனங்களுக்கு, பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் கொடுத்துக் கடையில் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. 2024-இல் இத்தகைய குறியீட்டை வகுக்கக் குழு அமைத்தது. அந்தக் குழு கைபேசியையும் டேப்லட்டையும் முதலில் எடுத்துக்கொண்டது. மிக்ஸியும் ஃபேனும் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, இவையும் சேர்ந்தே வரட்டும் என்கிறோம். மதிப்பெண் அட்டைப்பெட்டியின் முகப்பில், நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கம்பெனிகள் சொல்லும் மறுப்பு எங்களுக்குத் தெரியும்: தெரியாத கை பட்டால் ஷாக் அடிக்கும், தீப்பிடிக்கும், டூப்ளிகேட் ஸ்பேர் போடுவார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஸ்லீவ் போடாமல் வயரை முறுக்கி டேப் சுற்றி அனுப்புகிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அதை மறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அசல் ஸ்பேரைக் கொடுக்காமலே டூப்ளிகேட் போடுகிறான் என்று குறை சொன்னால் எப்படி? சர்க்கியூட் படத்தையும் ஸ்பேரையும் வெளியில் விடுங்கள். ஐ.டி.ஐ.களில் மாலை நேரப் பயிற்சி வைத்துத் தேர்வு நடத்தி உரிமம் கொடுங்கள். எங்கள் உறுப்பினர்கள் அனைவரும் அதற்கு உட்படுவார்கள். இது சங்கத்தில் பேசி எடுத்த முடிவு.

தமிழக அரசுக்குத் தனியாக ஒரு கோரிக்கை. 2006 முதல் வண்ணத் தொலைக்காட்சி, 2011 முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடுதோறும் சாதனங்களை வாங்கிக் கொடுத்த அரசு இது. இத்தனை பெரிய வாடிக்கையாளர் டெண்டரில் ஒரு வரி எழுதினால் கம்பெனியின் வரைபடம் மாறும். இனி எதை மொத்தமாக வாங்கினாலும் சாதாரண ஸ்குரூடிரைவரில் திறக்க வேண்டும், ஸ்பேர் விலைப்பட்டியல் ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டும் என்று எழுதுங்கள்.

வாங்குகிற நீங்களும் அடுத்த முறை கடையில் வாட் கேளுங்கள், விலை கேளுங்கள். கூடவே போர்டு போனால் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்றும் கேட்டு, பதிலைப் பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.