மாலையா, ஓட்டுக் கணக்கா?

மலாயா நாட்டுத் தமிழர்களாகிய நாம் நமது பிரதிநிதிகளை வரவேற்பதில் யாருக்கும் குறைந்தவர்களல்லோம். நாடாளுமன்ற அங்கத்தினர் ஒருவர் தோட்டத்திற்கு வருகிறாரென்றால் மேளம், மாலை, பொன்னாடை, வாழ்த்துப்பா ஆகிய யாவும் தயாராகி விடுகின்றன. அவர் புன்முறுவலோடு கைகூப்புகிறார், கோவிலுக்கு ஒரு தொகையும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் அறிவிக்கிறார், படம் பிடிக்கப்படுகிறது, மோட்டார் வண்டி புறப்பட்டுப் போகிறது. “நம்மை மறவாத மனிதர்” என்று ஜனங்கள் மகிழ்கின்றனர். அவரை நாம் எந்தச் சபைக்கு அனுப்பினோமோ அந்தச் சபையில் அவர் என்ன பேசினார், எந்த மசோதாவுக்கு ஓட்டளித்தார், எந்த இரவில் ஆசனத்தைக் காலியாக விட்டுச் சென்றார் என்று கேட்பவர் மட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. இந்த மௌனமே நமது சமூகத்தின் பெருநோய் என்பது நமது துணிபு.

நாடாளுமன்ற அங்கத்தினரின் தொழில் யாது? சட்டம் இயற்றுதல், சர்க்காரின் வரவு செலவைச் சோதித்தல், மந்திரிகளைக் கேள்வி கேட்டல், குழுக்களில் அமர்ந்து ஆராய்தல் ஆகியவையே. சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராண்மைக் கழகமும், பாதை பழுதானால் அதற்குரிய இலாகாவும் இருக்கின்றன. அவர்களைத் தட்டி எழுப்ப அங்கத்தினர் உதவினால் நன்று. நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் எந்த இலாகா அதிகாரியும் நாடாளுமன்றத்தில் ஓட்டளிக்க முடியாது. அவ்வுரிமை மக்கள் சபையில் 222 பேருக்கே உண்டு. அதற்காகவே 2015-ம் ஆண்டு முதல் அவர்களுக்கு மாதம் 16,000 ரிங்கிட் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. புத்தகப் பை வழங்குவதற்காக யாரும் இந்தச் சம்பளத்தை நிர்ணயிக்கவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாம் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் நின்று பெயர் கொடுத்தால்தான் கிராணி செக்ரோலில் குறிப்பார், குறிப்பில்லையேல் கூலியுமில்லை. 1955-ம் ஆண்டின் தொழிற்சட்டத்தின்படி, அனுமதியோ தக்க காரணமோ இன்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராத தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்தவனாகக் கருதப்படுவான். நாடாளுமன்ற அங்கத்தினருக்கோ அரசியல் சாசனத்தின் 52-வது பிரிவு தரும் தவணை ஆறு மாதம்! சபையின் அனுமதியின்றி ஆறு மாதம் தொடர்ந்து வராதிருந்தால், அவரது ஸ்தானம் காலியென்று சபை அறிவிக்கலாம் என்பதே விதி. பால் வெட்டுபவனுக்கு இரண்டு நாள். சட்டம் செய்பவருக்கு ஆறு மாதம். இந்த நீதியின் அழகை வாசகர்களே நிறுத்துப் பார்க்கட்டும்.

வருகையின் கதை இதுவானால், ஓட்டின் கதை இதனினும் விந்தையானது. மசோதாக்களில் பெரும்பாலானவை நம் மக்கள் சபையில் குரல் ஓட்டினாலேயே நிறைவேறுகின்றன. ஆதரிப்போர் ஒருமுறையும் எதிர்ப்போர் ஒருமுறையும் குரல் கொடுப்பார்கள். எந்தச் சத்தம் பெரிதென்று சபாநாயகர் செவியால் அளந்து முடிவு கூறுவார். யார் ஆம் என்றார், யார் இல்லையென்றார், யார் சிற்றுண்டிச் சாலையில் இருந்தார் என்று ஏட்டில் பெயர் ஏறாது. பெயர் ஏற வேண்டுமாயின் பதினைந்து அங்கத்தினர்கள் எழுந்து நின்று பிரிவினை ஓட்டுக் கேட்க வேண்டும். சபை நடப்பதற்கோ, தலைமை வகிப்பவர் நீங்கலாக 26 பேர் இருந்தால் போதும். ஆகவே 222 பேர் அமர வேண்டிய சபையில் முப்பது பேர் குரல் கொடுத்து இயற்றிய சட்டமும், மூன்று கோடிக்கு மேற்பட்ட ஜனங்களை ஆளும் சட்டமாகிவிடக் கூடும்.

2020-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி நடந்ததை நினைவூட்டுகிறோம். மறு ஆண்டின் வரவு செலவுத் திட்டம் கொள்கை அளவில் ஓட்டுக்கு வந்தது. அன்றைய சர்க்காருக்குப் பெரும்பான்மை உண்டா இல்லையா என்று தேசமே காத்திருந்தது. பிரிவினை ஓட்டுக் கேட்டு எழுந்து நின்றவர்கள் பதின்மூன்று பேர்! இருவர் குறைந்தமையால் குரல் ஓட்டே முடிவாயிற்று. அங்கத்தினர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பதிவாகவில்லை. டிசம்பர் 15-ந் தேதி மூன்றாம் வாசிப்பில் பெயர் பதிவாகும் ஓட்டு நடந்தபோது, ஆதரவு 111, எதிர்ப்பு 108 என்று வெளிப்பட்டது. மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் ஊசலாடிய ஒரு பெரும் விஷயத்தை முன்னர் குரலால் மூடிவிட முடிந்ததென்றால், சிறிய விஷயங்களின் கதி என்ன என்று நாம் கேட்கிறோம்.

இனி, வராமையின் விலை யாது என்று பார்ப்போம். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-ல் நீக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள், விசாரணையின்றி இரண்டாண்டு வரையில் ஒருவரைச் சிறை வைக்கவும் அக்காலத்தை மீண்டும் நீட்டிக்கவும் இடந்தரும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா சபைக்கு வந்தது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, நள்ளிரவுக்குப் பின் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 79, எதிர்ப்பு 60. மசோதா நிறைவேறிற்று. 2013-ம் ஆண்டுத் தேர்தலில் ஆளும் அணி வென்ற இடங்கள் 133. எதிர்க்கட்சிகள் வென்ற இடங்கள் 89. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனிமனித சுதந்திரத்தின் கழுத்தில் கயிறு விழும் இரவில், இருபக்கத்தும் சேர்ந்து ஏறக்குறைய எண்பது ஆசனங்கள் ஓட்டின்றிக் கிடந்தன. பகலில் மேடையேறிச் சுதந்திரத்தைப் பற்றி முழங்கியவர்களில் எத்தனை பேர் அந்த இரவில் விழித்திருந்தார்கள்? நோயுற்றவரையும் வெளிநாட்டுப் பணியில் இருந்தவரையும் நாம் குறை சொல்லோம். மற்றவர்கள் தத்தம் தொகுதி ஜனங்களுக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவர்களல்லவா? காரணம் கேட்கப்பட்டதா?

நம்மவர்க்கு இன்னும் நெருங்கியதொரு விஷயம் உண்டு. 2024-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி பிரஜா உரிமை பற்றிய அரசியல் சாசனத் திருத்தம் 206 பேரின் ஆதரவோடு நிறைவேறிற்று. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார், தந்தையரைப் போலவே தம் பிள்ளைகளுக்குப் பிரஜா உரிமை வழங்க அது வழி செய்தது. நெடுநாள் அநீதி தீர்ந்தது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதே மசோதாவின் மற்றொரு விதி, இந்நாட்டில் நிரந்தர வாசிகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகவே கிடைத்துவந்த பிரஜா உரிமையை நீக்கிவிட்டது. சிவப்பு அடையாளக் கார்டின் துயரத்தை லயத்து வீடுகளுக்கு நாம் விளக்க வேண்டுமா? இம்மண்ணில் பிறந்து, இம்மண்ணில் உழைத்து, பத்திரமின்மையால் அந்நியராய் மடிந்த முதியோர் நம்முள் எத்தனை பேர்! ஒரு கையால் நன்மையும் மறு கையால் தீமையும் தந்த இம்மசோதாவை ஆதரித்தவர்களைக் குருட்டுத்தனமாய்த் தூற்ற நாம் விரும்பவில்லை. “அந்த ஒரு விதியைப் பற்றி நீர் விவாதத்தில் என்ன பேசினீர்? திருத்தம் கோரினீரா? அல்லது வாய்மூடிக் கை தூக்கினீரா?” என்பதே நமது கேள்வி. இதற்குரிய விடை சபையின் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சார்டில் அச்சேறிக் கிடக்கிறது. புரட்டிப் பார்ப்பாரைத்தான் காணோம்.

ஓட்டின் எண்ணிக்கை மட்டுமே ஓர் அங்கத்தினரின் மதிப்பன்று என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். நூறு முறை எழுந்து மந்திரியைப் புகழ்ந்தவரைக் காட்டிலும், ஒருமுறை எழுந்து உண்மையைச் சொன்னவரே உயர்ந்தவர். ஈப்போவின் அங்கத்தினராயிருந்த டி. ஆர். சீனிவாசகம் அன்றைய கல்வி மந்திரி அப்துல் ரஹ்மான் தாலிப் மீது சபையில் ஊழற் குற்றம் சாட்டினார். சபைக்குள் பேசுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தக் கேடயத்தின் பின்னே ஒளிந்து கொள்ளாமல் வெளியிலும் அக்குற்றச்சாட்டைக் கூறினார். மந்திரி மானநஷ்ட வழக்குத் தொடுத்தார்; 1965-ல் தோற்றார்; பதவியையும் துறந்தார். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த ஒருவரின் நாவு செய்த காரியம் இது. “ஆட்சியில் இல்லாதவரால் என்ன செய்ய முடியும்?” என்று பெருமூச்சு விடுவோர்க்கு இதுவே தக்க மறுமொழி.

“கட்சி கட்டளையிடுகிறது, தனி அங்கத்தினர் என் செய்வார்?” என்று சிலர் வாதிப்பர். கட்சி அவரது கையைத் தூக்கச் சொல்லலாம். கேள்வி கேட்காதே, மசோதாவைப் படிக்காதே, குழுவுக்குப் போகாதே என்று சொல்வதில்லையே! கட்சிக் கட்டளைக்குப் பணிந்தவர், “பணிந்தேன், இன்ன காரணத்தால்” என்று தொகுதிக்கு வந்து சொல்லட்டும். “கணக்குக் கேட்டால் அவர் மனம் புண்படும், கோவில் மானியம் நின்றுவிடும்” என்று வேறு சிலர் அஞ்சுவர். மானியம் அவரது பாட்டன் சொத்தா? ஜனங்களின் வரிப்பணத்தை ஜனங்களுக்கே பிச்சையாய் இட்டு, அதற்கும் மாலை வாங்கிக் கொள்வதை எந்தச் சுயமரியாதையுள்ள சமூகமும் பொறுக்கலாகாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றியும் குடவோலை முறையைப் பற்றியும் மேடைதோறும் மார்தட்டுகிறோம். 919, 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்விதிகள், நிலமும் வேதப் படிப்பும் உடையோர்க்கே இடந்தந்த சபையின் விதிகள். உழுதவனுக்கு அங்கே ஆசனமில்லை. அந்தக் குறையை நாம் மறைக்க மாட்டோம். ஆயினும் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று அக்கல்லே கூறுகிறது. பெருமைக்கு அக்கல்வெட்டு வேண்டும், அதன் விதி வேண்டாம் என்றால் அது என்ன பெருமை?

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. ஒவ்வொரு மசோதாவின் மூன்றாம் வாசிப்பும் பெயர் பதிவாகும் ஓட்டினாலேயே முடிவு செய்யப்பட வேண்டும். பதினைந்து பேர் எழுந்து நிற்கும் வரையில் ஜனங்கள் இருட்டில் இருக்கலாகாது. ஒவ்வோர் அங்கத்தினரும் ஆண்டுக்கொருமுறை தமது வருகை, ஓட்டு, கேள்வி, பேச்சு ஆகியவற்றின் கணக்கை அச்சிட்டுத் தொகுதி ஜனங்கள் முன் வைக்க வேண்டும். தமிழர் மிகுந்த தொகுதிகளில் அது தமிழிலும் இருக்க வேண்டும். நமது சங்கங்கள், வாசகசாலைகள், தொழிற்சங்கக் கிளைகள் யாவும், படித்த இளைஞர் ஒருவரையேனும் நியமித்து, ஹன்சார்டைப் படித்துக் கூட்டத்தில் எடுத்துரைக்கச் செய்ய வேண்டும். முதலிரண்டும் சபையின் தயவைப் பொறுத்தவை. மூன்றாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

தோழர்களே! அடுத்த முறை அங்கத்தினர் வரும்போது மாலையை ஒரு நாழிகை நிறுத்தி வையுங்கள். மரியாதையோடு ஆசனம் கொடுங்கள்; தண்ணீர் கொடுங்கள்; பின்னர் கணக்கைக் கேளுங்கள். கணக்கு நேராயிருந்தால் மாலையை மனமாரச் சூட்டுங்கள். கோணலாயிருந்தால் அந்தப் பூவைத் தொடுத்த பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெரட்டுக்கு வராதவன் பெயரைச் செக்ரோலில் எழுத எந்தக் கிராணியும் துணியான். ஓட்டுச் சீட்டே நமது செக்ரோல். எழுதுகோல் நம் கையில் இருக்கிறது.