வெட்டி எறிஞ்சதையும் ஒருக்காக் கேளுங்கோ

முதலில் எங்கட பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு அம்மம்மாவிடம் கதை கேட்டு, போனில் பதிவு செய்தோம். நாற்பது நிமிடம். பின்னால் மின்விசிறி இரைந்தது, காகம் கத்தியது, பக்கத்து வீட்டு மாமி குந்தியிருந்து ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தா. “சவுண்ட் கிளீன் இல்லை” என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி, இரைச்சல் நீக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டோம். இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டைக் காட்டச் சொல்லி அது கேட்டது. அம்மம்மா மூச்சு வாங்கிய இரண்டு விநாடியைக் காட்டினோம். ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

விசிறி போய்விட்டது. மாமியும் போய்விட்டா.

ஏனென்றால், அம்மம்மா நிறுத்திய இடத்தில்தான் மாமி ‘ம்’ கொட்டுவா. நாங்கள் ‘வெறும் இரைச்சல்’ என்று காட்டிய அந்த இரண்டு விநாடிக்குள்ளும் அவவின் ‘ம்’ இருந்தது. மென்பொருள் எங்களை நம்பியது. மிஞ்சிய பதிவில் அம்மம்மா ஆளில்லாத அறையில் தனக்குத்தானே கதைக்கிற மாதிரி இருந்தா. கேட்க ஆளிருந்ததால் வந்த கதை அது. கேட்ட ஆளையே அழித்துவிட்டு அதற்கு ‘வாய்மொழி வரலாறு’ என்று பெயரும் வைத்துவிட்டோம்.

ஆகவே எங்கட சண்டை இரண்டு வசனங்களோடு. ஒன்று, “கிளீன் பண்ணினால் நல்லது.” மற்றது, “உதெல்லாம் இன்ஜினியரிங் பொடியளின்ர வேலை, நாங்கள் ஆர்ட்ஸ்.”

பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாண்ட்பாஸ் பில்டர் என்பது பெரிய மந்திரம் இல்லை. சாதாரணதரத்தில் படித்த மீடிறன்தான். ஒரு மீடிறனையும் அதன் அண்டை அயலையும் உள்ளே விடும், மேலே கீழே உள்ளதைக் குறைக்கும். இப்படிப் பலவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே ஒலியை எல்லாவற்றுக்கும் கொடுத்தால் அது பில்டர் வங்கி. இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் பலவற்றுக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட இதுதான். விநாடிக்கு 44,100 மாதிரிகள் உள்ள ஒலியை 1,024 மாதிரித் துண்டுகளாக ஆராய்ந்தால், ஏறத்தாழ 43 ஹேர்ட்ஸ் இடைவெளியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஒடுங்கிய பட்டைகள் வரும். ஒவ்வொன்றிலும் எதை விடுவது, எதை அமுக்குவது என்று ஒரு முடிவு. ஐந்நூறு முடிவுகளையும் ஒரு பொத்தானுக்குள் ஒளித்து வைத்தால் நாங்கள் அதற்கு ‘வசதி’ என்று பெயர் வைக்கிறோம்.

அதை எட்டாகக் குறைத்து, வெளியே எடுத்து வைக்கலாம். ப்யூர் டேட்டா என்ற மென்பொருளை மில்லர் பக்கெற் 1990களில் உருவாக்கினார். இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். திரையில் பெட்டிகளை வைத்து, வயர் இழுத்துத் தொடுப்பதுதான் புரோகிராமிங். நாங்கள் செய்தது இது. மூலப் பதிவையும் கிளீன் பண்ணிய பதிவையும் ஒரே கணத்தில் ஓடவிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிற பெட்டிக்குள் விட்டோம். வெளியே வருவது நாங்கள் வெட்டி எறிந்தது மட்டும். அந்தக் குப்பையை எட்டு பாண்ட்பாஸ் பெட்டிகளுக்குக் கொடுத்தோம்: 63, 125, 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹேர்ட்ஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிலைடர்.

முதல் முறை 1000, 2000, 3000 என்று சமமாகப் பிரித்துத்தான் வைத்தோம். பிழை. பெண் குரலின் அடிப்படை மீடிறன் 200 ஹேர்ட்ஸை அண்டித்தான் இருக்கும். உயிரெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் பரிவுகளில் முதலாவதும் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழேதான். சமமாகப் பிரித்தால் அவ்வளவும் ஒரே பெட்டிக்குள் நெரிபடும். காது கூட்டிக் கேட்பதில்லை, பெருக்கித்தான் கேட்கிறது. அதனால்தான் ஒவ்வொரு படியும் இரட்டிப்பு.

பட்டையின் அகலத்தை Q என்ற எண்ணுக்குப் பதில் நாங்கள் ‘கூர்மை’ என்று சொல்வோம். கூர்மை 1.4 அளவில் இருந்தால் எட்டுப் பெட்டிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். பக்கத்துப் பெட்டிக்குள் ஒலி கசியும். ஒரே பெட்டியை இரண்டு தரம் தொடராக வைத்தால் கசிவு குறையும். கூர்மையை நூறுக்கு ஏற்றிப் பாருங்கோ. 200 ஹேர்ட்ஸ் பெட்டி ஒரு தட்டுக்கே ஒரு விநாடியளவு மணிபோல ரீங்கரிக்கும். அப்போது நீங்கள் கேட்பது அம்மம்மாவை இல்லை, பில்டரை. அப்படி ரீங்காரம் ஏற்றிவிட்டு ‘பரிசோதனை இசை’ என்று போடுகிற நண்பர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறோம்.

125 பெட்டியில் விசிறி கிடந்தது. ஆயிரத்துக்கு மேலே காகம். 250ஐத் திறந்தோம். ‘ம்… ம்…’ வாய் மூடி, மூக்கால் வருகிற ஒலியின் பலம் அந்தப் பக்கம்தான். மாமி நாற்பது நிமிடமும் அங்கே இருந்திருக்கிறா.

இந்தக் கருவியின் பூர்வீகமும் எங்களுக்குத் தெரிய வேண்டும். 1930களில் பெல் ஆய்வுகூடத்தில் ஹோமர் டட்லி வோகோடரை உருவாக்கியது, தொலைபேசிக் கம்பியில் குரலைச் சிக்கனமாக அனுப்ப. 1939 நியூயோர்க் உலகக் கண்காட்சியில் காட்டிய வோடர் பத்து பாண்ட்பாஸ் பில்டர்களால் பேசியது. பயிற்சி பெற்ற பெண்கள் விசைகளை அழுத்தி அதைப் பேசவைத்தார்கள். 1943இல் அதே வழியில் நேச நாடுகளின் இரகசியத் தொலைபேசி வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி: ஒரு குரலில் எவ்வளவு இருந்தால் காணும்? கம்பிக்குக் காசு கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. எங்கட ஆட்களின் நினைவைச் சேர்க்கிற நாங்கள் ஏன் அதே கேள்வியோடு போய் உட்காருகிறோம்?

“பெரிய மென்பொருள் உங்கட எட்டுப் பெட்டியை விடத் திறமாச் செய்யும்” என்பார்கள். செய்யும், மறுக்கவில்லை. எட்டையும் திரும்பக் கூட்டினாலும் மூல ஒலி அப்படியே வராது, அதுவும் உண்மை. ஆனால் எங்கட பெட்டிகள் கிளீன் பண்ண இல்லை. கிளீன் பண்ணினவர் என்ன செய்தார் என்று விசாரிக்க. எது சேரும், எது சேராது, வகுப்பது யார் என்று கேட்கத்தானே கலைப்பீடத்தில் மூன்று நாலு வருசம் இருக்கிறோம்? குடிசன மதிப்பீட்டிடம் கேட்கிற கேள்வியைச் சிலைடரிடம் கேட்க மட்டும் ஏன் கூச்சம்?

பதிவு செய்கிற எல்லாரிடமும் மூன்று விசயம் கேட்கிறோம். மூலப் பதிவில் கை வைக்காதையுங்கோ. வெட்டினதைத் தனியே எடுத்து, ஒருக்கா முழுசாக் கேளுங்கோ. எதை எடுத்தீர்கள் என்று பதிவோடு எழுதி வையுங்கோ. நேரமில்லை என்று சொல்ல வேண்டாம், ஒரு பின்னேரம் காணும்.

அம்மம்மாவின் கதையை விசிறியோடும் காகத்தோடும்தான் போடப் போகிறோம். பேர் விபரத்தில் கதை சொன்னவருக்குக் கீழே ஒரு வரி கூடும்: ‘ம்’ கொட்டியவர், பக்கத்து வீட்டு மாமி.