மறந்தவர்களையும் ஆலயத்துக்கு அழைத்து வாருங்கள்



"அம்மாவுக்கு இப்போது எதுவும் நினைவில் நிற்பதில்லை, ஐயா. ஆராதனைக்கு அழைத்து வந்து என்ன பயன்?" இக்கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். நினைவிழந்த முதியோரை வீட்டிலேயே விட்டுவருவது பெரும்பாலும் அன்பினால்தான். ஆயினும் அது சரியன்று என்பதே என் கருத்து.

நினைவு என்பது மூளைக்குள் பூட்டிவைத்த ஒரே பெட்டகம் அன்று. 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில், ஹென்றி மொலேசன் என்னும் 27 வயது இளைஞரின் கடும் வலிப்பு நோயைத் தணிப்பதற்காக, மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சிகள் அவர் நினைவில் தங்கவில்லை. சற்றுமுன் பேசியவரும் அவருக்கு அந்நியரே. பிரெண்டா மில்னர் என்னும் உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் கையைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையும்படி அவரிடம் கூறினார். (எளிதென்று எண்ணவேண்டாம், வீட்டில் முயன்று பாருங்கள்!) நாளுக்கு நாள் அவர் கை தேறியது. அவரோ ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகச் செய்வதாகவே எண்ணினார். நிகழ்ச்சியைப் பதிக்கும் வழி அடைபட்டும், பழக்கத்தைப் பதிக்கும் வழி திறந்தே இருந்தது.

அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் இடங்களுள் ஒன்று இதே ஹிப்போகாம்பஸ். காலையில் உண்டதை மறந்த பெரியவர், சிறுவயதில் கற்ற கீர்த்தனையைச் சரணம் பிசகாமல் பாடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அரை நூற்றாண்டாகத் திருவிருந்துக்கு நீண்ட கைகள், பந்தியண்டை வந்ததும் தாமாகவே குவிகின்றன. நோய் முற்றும்போது இதுவும் தேயலாம். தேயும்வரையாவது ஏன் தடுக்கவேண்டும்?

"வந்ததையே மறந்துவிடுவாரே" என்பீர்கள். ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த சிலருக்கு அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துயரமும் மகிழ்ச்சியும் தரும் திரைப்படக் காட்சிகளைக் காட்டினார்கள். அவ்வாய்வு 2010-இல் வெளியானது. பார்த்த காட்சி மறந்துபோன பின்னும், அது எழுப்பிய உணர்வு அவர்களிடம் நீடித்தது. ஆராதனையின் ஆறுதலும், வாசலில் ஒருவர் கைபற்றி விசாரித்த கனிவும் மாத்திரம் வீணாகிவிடுமா?

மேலும், உடன்படிக்கை நம்முடைய ஞாபகசக்தியின்மேல் கட்டப்பட்டதன்று. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் கர்த்தர் மறவார் என்பதே ஏசாயா 49-ஆம் அதிகாரம் தரும் உறுதி.

வரும் ஞாயிறு முதல், பக்கவாசலருகே இரு வரிசைகளை இவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். பிரசங்கத்தின் நடுவில் ஒருவர் எழுந்து நடந்தால், தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள். பந்தியில் அவர்கள் கை நீளும்வரை நான் காத்திருப்பேன்.