முத்தவல்லியின் பங்கு

உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதனினும் உயர்ந்த பொருள் தமக்கு வாய்த்ததில்லை என்று கருதிய அவர்கள், அதை என்ன செய்வதென்று அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, விளைவை அறம் செய்யுமாறு பெருமானார் வழிகாட்டினார்கள். அந்த வக்ஃபின் நிபந்தனைகளுள் ஒன்று: பராமரிப்பவர் முறையோடு உண்ணலாம், அதைக் கொண்டு செல்வம் சேர்க்கலாகாது. ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது.

நம் குடும்பங்களில் பாட்டனார் சந்ததியார் பேரில் எழுதி வைத்த 'வக்ஃப் அலல் அவ்லாத்' சொத்துக்களை இந்த நிபந்தனையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1894ஆம் ஆண்டு இத்தகைய வக்ஃபு ஒன்றை இலண்டன் பிரிவி கவுன்சில் செல்லாதென்றது. ஜின்னா சாஹிபின் முயற்சியால் 1913இல் வந்த சட்டமே அதற்கு மீண்டும் உயிரளித்தது. அவ்வளவு பாடுபட்டுக் காத்த ஏற்பாட்டின் வருவாய் இன்று யாருக்குப் போய்ச் சேருகிறது?

வக்ஃபு செய்தவர் ஊதியம் எதுவும் குறிக்காவிட்டால், நீதிமன்றம் அதை நிர்ணயிக்கலாம். வருமானத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் அது போகலாகாது என்பது நம் நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றி வந்த நெறி. இதை உச்ச வரம்பாகக் கொள்ளாமல், உரிமையாகவே கொண்டுவிட்டோர் பலர். கடை வாடகை மாதம் 10,000 ரூபாயாக இருந்தபோது 1,000 ரூபாய் எடுத்தவர், வாடகை 60,000 ஆனதும் 6,000 எடுக்கிறார். வேலை ஆறு மடங்காயிற்றா? அதே கடை, அதே ரசீதுப் புத்தகம்! வரியும் மராமத்தும் கழிக்கும் முன்பே தம் பங்கை எடுத்துக்கொள்வோரும் உண்டு. கணவனை இழந்த தங்கையின் பங்கில்தான் அந்தக் குறைவு விழுகிறது. "காக்காவிடம் கணக்குக் கேட்பதா?" என்று அவள் வாய் மூடியிருக்கிறாள்.

அநாதைகளின் பொருளைக் காப்பவர் வசதியுள்ளவராயின் விலகிக்கொள்ளட்டும், ஏழையாயின் முறைப்படி உண்ணட்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் தரும் கட்டளை. நம் முத்தவல்லிக்கும் அதுவே பொருந்தும் என்பேன்.

ஊதியமே கூடாதென்று நான் சொல்லவில்லை. அலைந்து திரிந்து வாடகை வசூலிக்கும் ஏழைத் தம்பிக்குக் கூலி கொடாதிருப்பது அநீதி. 'இலவசமாகச் செய்கிறேன்' என்று கணக்கே காட்டாதவரைவிட, கூலி பெற்றுக் கணக்குக் காட்டுபவரே மேல்.

ஆனால் வக்ஃபு பத்திரத்திலேயே பெரிய பங்கு குறிக்கப்பட்டிருந்தால், அதைக் குறைக்கச் சொல்லிப் பங்காளிகள் வற்புறுத்துவது கடினம். முத்தவல்லியே மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி விட்டுக்கொடுப்பதும் அவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அடுத்து வருபவர் பத்திரத்தைக் காட்டிப் பழைய பங்கைக் கேட்கக்கூடும். ஆகவே புதிதாக வக்ஃபு எழுத எண்ணுவோர், விகிதத்தைக் குறிக்காமல், 'செலவு போக எஞ்சியதில், செய்த வேலைக்குத் தக்க கூலி' என்று எழுதி, ஆண்டுதோறும் பெண்மக்கள் உட்பட அனைவருக்கும் கணக்குக் காட்டும் நிபந்தனையையும் சேர்த்துவிடுவது நலம்.