கிட்னிக்கு ஒரு மார்க் ஷீட்!

சிதம்பரத்துல படிக்கிற மக்களே, கட் அடிச்சா நேரா பிச்சாவரம்தானே? நாங்களும் போனோம். துடுப்புப் படகு, ஆறு பேர், மண்டையைப் பொளக்குற வெயில்!

கால்வாய் குறுகுற இடத்துல படகுக்கார அண்ணன் ஒரு வெண்கண்டல் இலையைப் பறிச்சுக் கொடுத்து, "நாக்குல வெச்சுப் பாருங்க தம்பி"ன்னார். உப்பு! உறிஞ்சின உப்பை அந்த மரம் இலை வழியா வெளியே தள்ளிடுது. பக்கத்துல இருந்த சுரபுன்னை இன்னும் உஷார் பார்ட்டி. பெரும்பகுதி உப்பை வேர்லயே தடுத்துடும்.

"நம்ம கிட்னி மாதிரி"ன்னு நான் சொன்னதும், ஒருத்தன் முகம் செத்துப் போச்சு. பையில ஒரு ரிப்போர்ட் வெச்சிருந்தான். ஜிம் பார்ட்டி. கிரியேட்டினின் 1.5. நெட்ல தேடிப் பார்த்துட்டு டயாலிசிஸ் வரைக்கும் கற்பனை பண்ணிட்டான்.

கிரியேட்டினின்ங்கிறது தசையிலிருந்து வர்ற கழிவு. கிட்னி அதை வெளியேத்தணும். ரத்தத்துல அது ஏறினா கிட்னி சுணங்குதுன்னு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை! தசை ஜாஸ்தி, முதல் நாள் மட்டன், கிரியேட்டின் பவுடர்... இதுல எதுன்னாலும் நம்பர் எகிறும். டாக்டர் பவுடரை நிறுத்தச் சொன்னார். ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா 1.1. பய மறுபடி சிரிக்க ஆரம்பிச்சான்.

அப்புறம்தான் மெதுவா சொன்னான். "எங்கம்மாவுக்கும் 1.1தான்டா. போன மாசம் கேம்ப்ல எடுத்தது. நார்மல்னுட்டாங்க."

அம்மாவுக்கு வயசு 55. மரக்காணம் பக்கம் உப்பளத்துல வேலை. இங்கேதான் மேட்டர்! வயசையும் ஆணா பெண்ணாங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா வர்றதுதான் ஈஜிஎஃப்ஆர். கிட்னி எவ்வளவு வேகமா வடிகட்டுதுங்கிற நம்பர். அதே 1.1க்கு, 20 வயசுப் பையனுக்குச் சுமார் 98. அம்மாவுக்கு 59! அது மூணு மாசத்துக்கு மேல 60க்குக் கீழேயே இருந்தா, அதுக்குப் பேர் நாள்பட்ட சிறுநீரக நோய்.

உப்பளம்னதும் எனக்கு இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டுல ஏழு உப்பளங்கள்ல 352 தொழிலாளர்களைப் பரிசோதிச்சாங்க. சுமார் 7 சதவீதம் பேருக்கு வடிகட்டுற வேகம் குறைஞ்சிருந்தது. வெயில், கடும் உழைப்பு, தண்ணி வத்திப்போற உடம்பு. கழிப்பறை இல்லாததால தண்ணியே குடிக்காம இருக்கிற பெண்கள் வேற. (நம்ம காலேஜ் பொண்ணுங்களும் இதே காரணத்துக்காக சாயங்காலம் வரைக்கும் பாட்டிலைத் தொடுறதில்லை. யாராவது பிரின்சிபால் படிச்சா சரி!)

"அம்மா மூட்டு வலிக்கு ஏதாவது மாத்திரை போடுறாங்களா?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடும்டா. தினமும்."

அடப்பாவி! தண்ணி வத்தின உடம்புல டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க கிட்னிக்குப் போற ரத்தத்தையே குறைச்சிடும். மேட்ச்சுக்கு முன்னாடி போட்டுக்கிற ஹீரோக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அன்னிக்கு சாயங்காலமே அவன் ஊருக்கு பஸ் ஏறிட்டான். மறுநாள் அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மூட்டு வலிக்கு வேற வழி கேட்டிருக்கான். அல்புமின் கசியுதான்னு பார்க்க யூரின் டெஸ்ட்டும் எடுத்தாச்சு. ரத்தத்தை ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணுமாம். "லீவு போட்டா கூலி போகுமேடா"ன்னு அம்மா இழுத்தாங்களாம். பவுடர் வாங்குற காசு இப்போ மிச்சம்னு சொல்லி வாயை அடைச்சிருக்கான்.