ஈரம் மேலே தெரியட்டும்

ராத்தா பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தி வந்த அன்றே எங்கள் வீட்டில் மடிக்கணினிப் பேச்சும் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில்தான் இறங்கலாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்க வாப்பாவுக்கு நேரமுமில்லை, பழக்கமுமில்லை. ஆகவே கையடக்கத் தொலைபேசியைச் சுற்றி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். இரண்டு வாரம் அப்படியே கழிந்தது.

முதலாவது விளம்பரத்தில் விலையே இல்லை. விலை வேண்டுமானால் இன்பொக்ஸுக்கு வரச் சொன்னார்கள். இரண்டாவதில் விலை இருந்தது. ஆனால் அது படத்தில் இருந்த கணினியின் விலையல்ல, அதைவிடக் குறைந்த ரெம் உள்ள வேறொன்றின் விலை. மூன்றாவதில் ‘புத்தம் புதியது போல’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் ‘போல’ என்ற சொல்லை முதலில் கண்டவர் உம்மாதான். அது பாவித்த கணினி.

கடைசியில் 95,000 ரூபாவுக்கு ஒரு ‘கோர் ஐ7’ அகப்பட்டது. “ஐந்தைவிட ஏழு நல்லதுதானே” என்றார் வாப்பா. பொதி வந்தது. திறந்து பார்க்கும் முன்பே கூரியர்காரரிடம் காசைக் கொடுத்தாக வேண்டும், கொடுத்தோம். கணினி வேலை செய்தது. ஆனால் விண்டோஸ் 11ஐ அது ஏற்கவில்லை. ராத்தாவின் நண்பி ஒருவர் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், அது நான்காம் தலைமுறை ஐ7 என்று. விற்றவரை அழைத்தோம். “ஐ7 என்றுதானே போட்டிருந்தோம், ஐ7தானே வந்திருக்கிறது?” என்று கேட்டார். வாப்பாவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் எது பழையதோ அதைச் சொல்லாமல் விட்டார். இன்டெலின் ஐ3, ஐ5, ஐ7 வகைகளில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கமே தலைமுறையைக் காட்டுகிறது. ஐ7-4600 என்றால் நான்காம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ3-10110 என்றால் பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11க்குப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. விளம்பரத்தில் நான்கு இலக்கங்களைச் சேர்த்து எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் யாரும் அதை வாங்கியிருக்க மாட்டோம். அதனால்தான் அந்த நான்கு இலக்கங்கள் அங்கே இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஓர் உணவுத் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்த வியாபாரியும் வாயால் பொய் சொன்னதாக அதில் இல்லை. ஈரம் அடியில் இருந்தது, அவ்வளவுதான். குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்று அழைக்கின்றன.

இணையவழிச் சந்தையில் வாங்குபவரால் குவியலுக்குள் கையை விட முடியாது. அவருக்குக் கிடைப்பது படம் மட்டுமே. ஆகவே கடையில் விற்பவரைவிட இணையத்தில் விற்பவருக்குப் பொறுப்பு கூடுதல் என்பதே என் கருத்து. தலைமுறை என்ன, பாவித்ததா புதியதா, மின்கலம் எத்தனை மணித்தியாலம் தாங்கும், உத்தரவாதம் கம்பனி தருகிறதா கடை தருகிறதா என்பவற்றை யாரும் கேட்கும் முன்பே எழுதிவிட வேண்டும்.

“இணையத்தில் வாங்கினால் இப்படித்தான், கொழும்புக்குப் போய் வாங்கியிருக்கலாம்” என்று எங்களிடம் பலர் சொன்னார்கள். நான் இதை ஏற்கவில்லை. தூர ஊர்களில் இருக்கும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இணையச் சந்தை ஒரு பெரிய வாசல். அதில் நேர்மையாக விற்பவர்களும் இருக்கிறார்கள். சிலர் செய்யும் பிழைக்காக அந்த வாசலை நாமே மூடிக்கொள்வது நியாயமில்லை.

அதேநேரம் எங்கள் பக்கத்திலும் பிழை இருந்தது. நாங்கள் விலையைக் கேட்டோம், நிறத்தைக் கூடக் கேட்டோம். மொடல் இலக்கத்தைக் கேட்கவில்லை. எஸ்எஸ்டியா பழைய ஹார்ட் டிஸ்கா என்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பற்றுச்சீட்டு கேட்கவில்லை. மக்களைத் தவறாக வழிநடத்தி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடை செய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் எங்கள் கையில் இருந்தது கூரியர் துண்டு மட்டுமே. அதில் கணினியின் பெயரும் இல்லை, விற்றவரின் முகவரியும் இல்லை. விளம்பரத்தைக்கூட நாங்கள் படம்பிடித்து வைத்திருக்கவில்லை. பிறகு தேடியபோது அது அழிக்கப்பட்டிருந்தது.

எங்கள் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் கற்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்தன்று அரை மணித்தியாலம் ஒதுக்கி, ஒரு கணினி விளம்பரத்தை எப்படி வாசிப்பது என்று பெற்றோருக்குக் காட்டிக் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் படித்த செயலியும் நினைவகமும் அன்றுதான் ஒரு வீட்டின் காசைக் காப்பாற்றும்.

ராத்தா இன்னமும் அதே கணினியில்தான் ஒப்படை செய்கிறார். அது சூடாகி நின்றுவிடும்போது ஆறும் வரை காத்திருப்பார். வாப்பாவின் முன்னால் மட்டும் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார். இன்னும் இரண்டு வருடத்தில் இன்ஷா அல்லாஹ் என் முறை வரும். விலையைக் கேட்கும் முன்பு அந்த நான்கு இலக்கங்களை நான் கேட்பேன்.