இதனாற் பயன் யாது?

கல்விச்சாலையில் எதனைக் கற்கத் தொடங்கினும், ‘இதனாற் பயன் யாது?’ என்று வினவுவார் பலர். பயன் கருதுதல் குற்றமன்று. உழவனும் பயன் கருதியே ஏர் பூட்டுகின்றான். ஆயினும் விதை இடுமுன்னரே நெல்லைக் கையிற் காட்டுக என்று அவனை ஒருவரும் கேட்பதில்லை. ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே பயனைக் காட்டுமாறு வற்புறுத்துவோர், பின்னர் வரவேண்டிய பயனையே தடுத்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து. இதனை நிறுவுதற்கு, உயிரணுக்கள் தம் சவ்வுப் புரதங்களை ஆக்கித் திருத்தி உரிய இடத்திற் சேர்க்கின்ற முறையையும், அம்முறை அறியப்பட்ட வரலாற்றையும் சான்றாகக் கொள்கின்றோம். தமிழ் பயில்வோராகிய யாம் இத்துறையிற் புகுதல் சிலர்க்கு வியப்பைத் தரலாம். எனினும் ஒரே கல்லூரியில் அருகருகே பயில்வோர், ஒருவர் கற்பதை மற்றவர் அறியாதிருத்தல் அழகன்று.

மனித உடம்பு ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்புப் பொருளாலாகிய ஈரடுக்குச் சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் கூறாக்கின், அவற்றுள் ஒரு கூற்றின் அளவே அச்சவ்வின் தடிப்பு. உப்பும் சர்க்கரையும் தாமாக அதனூடு எளிதிற் புக இயலா. அவற்றை உள்ளே விடும் வாயில்களாகவும், வெளியினின்று வரும் செய்தியை ஏற்கும் செவிகளாகவும், அண்டை உயிரணுவைப் பற்றும் கைகளாகவும் அச்சவ்வில் பதிந்து நிற்பனவே சவ்வுப் புரதங்கள். புரதங்களை ஆக்கும் நம் மரபணுக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவற்றிற்கு உரியது. மருத்துவர் தரும் மருந்துகளிற் பாதிக்கு மேற்பட்டவை இவற்றைப் பற்றி நின்றே தம் வேலையைச் செய்கின்றன.

இவை ஆக்கப்படுமாறு யாங்ஙனம்? உட்கருவிலுள்ள மரபணுவிலிருந்து நகல் ஒன்று எடுக்கப்படுகின்றது. அந்நகல் வெளிப்போந்து ரைபோசோம் என்னும் நுண்பொறியை அடைகின்றது. ரைபோசோம் அதனைப் படித்து, 20 வகை அமினோ அமிலங்களை அதிற் கண்ட முறையே ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கின்றது. எழுத்துகள் முறைப்பட நின்று சொல்லாதல் போல, அமினோ அமிலங்கள் முறைப்பட நின்று புரதமாகின்றன. சவ்விற்குச் செல்லவேண்டிய புரதமாயின், பெரும்பாலும் அதன் தொடக்கப் பகுதியில், நீரை வெறுக்கும் இயல்புடைய அமினோ அமிலங்கள் இருபதளவில் தொடர்ந்து நிற்கும். அதுவே அப்புரதத்தின் முகவரி. முகவரி ரைபோசோமினின்று தலைகாட்டியவுடன், அதற்கெனவே அமைந்த துகள் ஒன்று வந்து பற்றிக்கொள்கின்றது. கோக்கும் வேலை சற்றே தாமதிக்கின்றது. ரைபோசோமும் முற்றுப்பெறாத புரதமும் ஒருங்கே எண்டோபிளாச வலை என்னும் உட்சவ்வுத் தொகுதிக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. ஆண்டுள்ள நுண்வழியொன்றிற் புரதம் நூல்போல் நுழைகின்றது. நீரை வெறுக்கும் பகுதிகள் அவ்வழியின் பக்கமாக விலகிச் சவ்வினுள் அமர்ந்துவிடுகின்றன. நீரை விரும்பும் பகுதிகள் சவ்வின் இருமருங்கும் நிற்கின்றன. ஒருமுறை அமைந்த இந்நிலை பின்னர் மாறுவதில்லை. வலையின் உட்பக்கத்தை நோக்கிய பகுதியே ஈற்றில் உயிரணுவின் வெளிப்பக்கத்தை நோக்கி நிற்கும்.

கோத்த அளவில் வேலை முடிந்துவிடுவதில்லை. மாலையாகத் தொடுத்த புரதம் உரிய வடிவமாக மடிதல் வேண்டும். இப்புரதங்களிற் பலவற்றின்மேல், 14 சர்க்கரைகள் கொண்ட கிளைத்தொடர் ஒன்று வலையினுள்ளேயே ஏற்றப்படுகின்றது. அதன் நுனியில் மூன்று குளுக்கோசுகள் உள. அவற்றுள் இரண்டு நீக்கப்பட்டு ஒன்று எஞ்சிய நிலையில், துணைப்புரதம் ஒன்று வந்து, மடியும் புரதத்தைத் தாங்கிக்கொள்கின்றது. எஞ்சிய குளுக்கோசும் நீங்கியபின் புரதம் விடுவிக்கப்படுகின்றது. அது செவ்வனே மடியவில்லையாயின், மேற்பார்வை செய்யும் நொதி ஒன்று மீண்டும் ஒரு குளுக்கோசைச் சேர்த்து அதனைத் துணைப்புரதத்தினிடமே அனுப்புகின்றது. பிழைபட்ட விடையை ஆசிரியர் திருத்தி எழுதுமாறு திருப்பித் தருதல் போன்றது இது. பலகாலும் முயன்றும் தேறாத புரதம் வலையினின்று வெளியே இழுக்கப்பட்டுத் துண்டு துண்டாகச் சிதைக்கப்படுகின்றது.

தேறிய புரதமோ வலையின் சவ்விலிருந்து அரும்பும் சிறு குமிழி ஒன்றில் ஏறிச் செல்கின்றது. தட்டுகளை அடுக்கினாற்போன்ற கோல்கை உறுப்பு அக்குமிழியை ஏற்கின்றது. அங்கே சர்க்கரைத் தொடர் மேலும் திருத்தப்படுகின்றது. எப்புரதம் எவ்விடம் செல்லவேண்டும் என்பதும் பிரித்து வகுக்கப்படுகின்றது. பின்னர் மற்றொரு குமிழி அதனை மேற்புறச் சவ்விற்குச் சுமந்து செல்கின்றது. குமிழியிலும் சென்றடையும் சவ்விலும் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைய, இரு சவ்வுகளும் ஒன்றாகின்றன. உள்ளிருந்த வாயில் இப்பொழுது உயிரணுவின் எல்லையில் நிற்கின்றது.

இவ்வளவும் எவ்வாறு அறியப்பட்டன என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. இத்தாலி நாட்டுப் பவியா நகரில் 1898-ஆம் ஆண்டில் காமில்லோ கோல்கி என்பார், ஆந்தையின் மூளை உயிரணுக்களை வெள்ளி உப்பால் நிறமேற்றி நோக்கியபோது, உள்ளே வலைபோன்றதோர் உறுப்பைக் கண்டார். அது நிறமேற்றியதால் நேர்ந்த போலித் தோற்றமே என்று மறுத்தோர் பலர். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வந்து 1950-களில் ஐயத்தை நீக்கும்வரை அவ்வழக்கு நீண்டது. ஜார்ஜ் பலேடு என்பார் நியூயார்க்கு நகரத்து ராக்பெல்லர் நிறுவனத்தில், கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலங்களைக் கினியாப் பன்றியின் கணைய உயிரணுக்களுக்கு அளித்து, புதுப் புரதம் வலையினின்று கோல்கை உறுப்பிற்கும், அங்கிருந்து வெளிக்கும் செல்லும் வழியைப் படிப்படியாகக் கண்டறிந்தார். அவர்க்கு 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது. புரதம் தன் முகவரியைத் தன்னிடத்தே கொண்டுள்ளது என்னும் கருத்தை 1971-இல் வெளியிட்டுப் பின்னர்ச் சோதனையால் மெய்ப்பித்த குந்தர் புலோபல் என்பார் 1999-இல் அப்பரிசைப் பெற்றார்.

ராண்டி ஷெக்மன் என்பாரின் முயற்சி இன்னும் சுவையுடையது. அப்பமும் கள்ளும் புளிக்கக் காரணமாகிய ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரை அவர் ஆராய எடுத்தார். வெப்பம் மிகுந்தவிடத்துப் புரதத்தை வெளியே அனுப்ப இயலாது தவிக்கும் ஈஸ்ட் வகைகளை அவரும் அவர்தம் மாணவர் பீட்டர் நோவிக்கும் தேடினர். புரதத்தை வெளியேற்றாத ஈஸ்ட் தன் மேற்பரப்பை விரிக்க இயலாமல், உள்ளே செறிந்து கனத்துவிடும். அக்கனத்தைக் கொண்டே அத்தகையவற்றைப் பிரித்தெடுத்து, 1980-ஆம் ஆண்டளவில் இப்போக்குவரவிற்கு இன்றியமையாத மரபணுக்கள் 23 உண்டென்று காட்டினர். ஈஸ்டின் துன்பத்தை ஆராய்ந்து ஆவதென் என்று எவரேனும் அன்று நகைத்திருத்தல் கூடும். நம் உடம்பின் உயிரணுக்களிலும் அதே முறையே நிகழ்கின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் ஆகிய மூவர்க்கும் 2013-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. சவ்வுப் புரதம் செல்லும் அதே வழியிற் செல்வது இன்சுலின். 1980-களின் பிற்பகுதியிலிருந்து மனித இன்சுலின் ஈஸ்டின் இவ்வழியைக் கொண்டே ஆக்கப்படுகின்றது. பெங்களூரிலும் 2004 முதல் அவ்வாறு ஆக்கப்பட்டது. நீரிழிவால் வருந்துவோர் மலிந்த நம் நாட்டில் இதன் பயனை விரித்துரைத்தல் வேண்டா.

இனி, மற்றொரு சான்று. மேலைநாடுகளில் மிகுதியாகவும் நம் நாட்டிற் குறைவாகவும் காணப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவிநோய், நுரையீரலிலும் கணையத்திலும் பசைபோன்ற சளியைத் தேக்கி உயிரைக் குடிப்பது. 1950-களில் இந்நோயுற்ற குழவிகளிற் பல பள்ளிப் பருவத்தை எட்டுமுன்னரே இறந்தன. இதற்குரிய மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. குளோரைடு உப்பிற்கு வாயிலாக நிற்கும் சவ்வுப் புரதம் ஒன்றை அது ஆக்குகின்றது. 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தில், 508-ஆம் இடத்து நிற்கவேண்டிய ஒன்றே ஒன்று இல்லாமற் போதலே அமெரிக்க நோயாளருள் பத்தில் எண்மர்க்கு மேற்பட்டோரிடம் காணப்படும் பிழை. ஓரெழுத்துக் குறையினால் புரதம் செவ்வனே மடிவதில்லை. ஆதலின் வலையிலேயே நிறுத்தப்பட்டுச் சிதைக்கப்படுகின்றது என்பதை 1990-இல் அறிந்தனர். உடம்பின் வெப்பத்தினும் குறைந்த வெப்பத்தில் வளர்த்தால் அப்புரதத்திற் சிறிதளவு மேற்புறத்தை அடைந்து வேலையும் செய்கின்றது என்பதை 1992-இல் கண்டனர். வேலை செய்யும் தகுதி அதற்கு ஒருவாறு உண்டு. வாயிற்படியைக் கடக்கவே துணை வேண்டும். அத்துணையை மருந்தால் அளிக்கலாகாதோ என்று எண்ணி உழைத்ததன் பயனாக, மூன்று மருந்துகளின் கூட்டு ஒன்று 2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவற்றுள் இரண்டு புரதம் மடிந்து செல்லத் துணைபுரிகின்றன. மூன்றாவது, சேர்ந்த வாயிலைத் திறந்து வைக்கின்றது. மூச்சுவிட இடர்ப்பட்ட இளைஞர் பலர் இன்று வாழ்வைத் திட்டமிடுகின்றனர்.

கோல்கி ஆந்தையின் மூளையை நோக்கியதற்கும் இம்மருந்திற்கும் இடையே 121 ஆண்டுகள் கழிந்தன. ‘இதனாற் பயன் யாது?’ என்று கோல்கியை வினவியிருந்தால் அவர் என்ன விடை இறுத்திருப்பார்? பலேடும் ஷெக்மனும் இந்நோயைத் தீர்க்கப் புகுந்தவரல்லர். எனினும் அவர் காட்டிய வழி தெரியாதிருந்தால், புரதம் எங்கே நின்றுவிட்டது என்பதை அறிதற்கே வகையில்லை.

‘வறிய நாட்டிற்கு இவ்வாராய்ச்சி ஏற்குமோ? பயனின்றி ஒழியும் ஆராய்ச்சிகளும் பல அல்லவோ?’ என்பர் சிலர். பல ஒழியும் என்பது மெய்யே. ஆனால் எது பலிக்கும், எது ஒழியும் என்பதை முன்னறிந்து கூறுவார் எவரும் இலர். அன்றியும், ஈஸ்டை வளர்த்தற்குப் பெருஞ்செல்வம் வேண்டா. கூர்ந்த வினாவும் பொறுமையும் வேண்டும்.

பயனைப்பற்றிய வினாவையே விட்டுவிடுக என்று யாம் கூறவில்லை. அதற்குரிய காலம் வேறு. மேற்கூறிய மருந்து வெளிவந்தபோது அமெரிக்காவில் அதற்குக் குறித்த விலை ஓராண்டிற்கு 3 லட்சம் டாலருக்கு மேற்பட்டது. ஏழை நாட்டுக் குழந்தை அதனை எங்ஙனம் பெறும்? ஆராய்ச்சி தொடங்குங்கால் ‘பயன் யாது?’ என்று தடுப்போர், மருந்து கைக்கு வந்தபின் ‘இப்பயன் யாவர்க்கு?’ என்று கேட்க மறந்துவிடுகின்றனர். முந்தைய இடத்திற் காட்டும் கடுமையைப் பிந்தைய இடத்திற் காட்டுவாராயின் உலகிற்கு நலம் விளையும்.

மாணவத் தோழர்களே! விலங்கியலோ தாவரவியலோ பயில விரும்பும் இளைஞரை, அதனால் வரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டே சோர்வடையச் செய்யும் வீடுகள் நம்மிடையே பல. தமிழ் பயிலும் எம்மையும் அவ்வினா விட்டதில்லை. பழஞ்சொல் ஒன்றின் வரலாற்றைத் தேடுவோரும், ஈஸ்டின் குமிழியை நோக்குவோரும், வினாவிற்கு விடை காணவேண்டும் என்னும் ஒரே ஆர்வத்தால் இயங்குவோர். நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களிற் கிழமைக்கு ஒருமுறையேனும், பாடத்திட்டத்திற் காணப்படாத வினாக்களை மாணவர் ஆராய்தற்கு இடமளித்தல் வேண்டும். அறிவியல் மன்றத்தாரும் தமிழ் மன்றத்தாரும் ஒருங்கு கூடி, அவ்வாராய்ச்சிகளைத் தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் பெரும்பொருள் வேண்டா; வரும் ஆண்டிலேயே தொடங்கலாம்.